கமராவை மாற்றுவதா, வைத்திருப்பதா: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்காவின் மகன் ஒரு நாள் மாலை தன் கமராப் பையோடு வீட்டுக்கு வந்து, "மாமா, இதக் குடுத்துப்போட்டுப் புது மொடல் ஒண்டு எடுப்பமா?" என்று கேட்டான். அவனிடம் இருந்தது ஒரு கனன் 1300டி, அதனோடு பெட்டியில் வந்த 18-55 லென்ஸ். முதல் நாள் இரவு ஊர்க் களரியில் வடமோடிக் கூத்தொன்று அரங்கேறியிருந்தது. விடியும் வரை நின்று 600 படங்களுக்கு மேல் எடுத்திருந்தான். ஆடுகிறவரின் முகம் தெளிவாக விழுந்த படம் ஒன்று கூட இல்லை. கமரா பழசாகிவிட்டது என்பது அவனுடைய முடிவு. நான் அந்தப் படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றுக்கும் கமரா எழுதி வைத்திருந்த விவரத்தைப் பார்த்தேன். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 3200; லென்ஸின் துவாரம் எஃப் 5.6 (இந்த எண் சிறுத்தால் துவாரம் அகலும்); வெளிச்சத்தை உள்ளே விடும் நேரமான ஷட்டர் வேகம் 1/30 செக்கன் என்று ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. தாளக்கட்டு ஏறிய பிறகு கூத்தர் அந்த நேரத்துக்குள் தலையைத் திருப்பிக் காலையும் மாற்றிவிடுவார். நேற்று வெளிவந்த கமராவாக இருந்தாலும் 1/30 செக்கனில் அவர் கலங்கித்தான் விழுவார்.

புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வருடங்களில் "அடுத்த மொடல்" பற்றி யோசிக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என்னுடைய நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தன் படங்களில் உள்ள குறை இன்னது என்று பெயர் சொல்ல முடியாதவர் கமராவை மாற்றக் கூடாது. பெயர் சொல்லத் தெரிந்துவிட்டால், பத்தில் பல தடவை அந்தக் குறை கமராவுடையதாக இருக்காது.

முதற்படி: குறைக்குப் பெயர் வைத்தல்

கடந்த ஒரு வருடத்தில் எடுத்தவற்றில், நன்றாக வந்திருக்க வேண்டியவை ஆனால் வரவில்லை என்று நீங்கள் கருதும் 200 படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொரு படத்தையும் முழு அளவுக்குப் பெருப்பித்துப் பார்த்து, எதனால் கெட்டது என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். கைப்பேசியின் சிறிய திரையில் இதைச் செய்ய வேண்டாம். அதில் எல்லாப் படமும் நன்றாகவே தெரியும்.

தெளிவில்லாத படங்கள் எல்லாம் ஒரே நோயால் கெட்டவை அல்ல. கூரை, தூண், ஆள் என்று படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. தூணும் பந்தலும் கூர்மையாக இருக்க, ஆள் மட்டும் கலங்கியிருந்தால் அவர் அசைந்திருக்கிறார், ஷட்டர் வேகம் போதவில்லை. எதுவும் அசையாமல், மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் பெரியம்மாவின் முகம் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாம் இடத்தில் இருந்தும் படம் முழுவதும் புகை படிந்தது போல வெளிறியிருந்தால் லென்ஸைச் சந்தேகியுங்கள். மணல் தூவியது போன்ற புள்ளிகள், அதாவது நொய்ஸ், நிழற் பகுதிகளில் நிறைந்திருந்தால் வெளிச்சம் போதவில்லை. இவை ஐந்தும் வெவ்வேறு குறைகள். ஐந்துக்கும் வெவ்வேறு மருந்து.

இதோடு இன்னொரு நிரலையும் சேருங்கள்: படம் எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்பது (லென்ஸில் மில்லிமீற்றரில் எழுதியிருக்கும் எண்; அது கூடக் கூடத் தூரத்திலுள்ளது நெருங்கித் தெரியும்). 18-55 லென்ஸ் வைத்திருப்பவரின் படங்களில் பெரும்பகுதி 55இல் முட்டி நின்றால், அவருக்கு வேண்டியது தூரத்தை இழுக்கும் லென்ஸ். பெரும்பகுதி 18இல் நின்றால், சிறிய வீடுகளில் சடங்குகளைப் படம் பிடிக்கும் அவருக்கு இன்னும் அகலமான லென்ஸ் வேண்டும். இரண்டிலும் கமரா உடலுக்கு வேலை இல்லை.

மருமகனின் 200 படங்களை நாங்கள் இப்படிப் பிரித்தபோது, பாதிக்கு மேல் "ஆள் அசைந்தது" என்ற நிரலிலும், அடுத்த பெரிய பங்கு "ஃபோகஸ் தவறியது" என்ற நிரலிலும் விழுந்தன. நொய்ஸ் என்று அவன் ஆரம்பத்தில் குறைப்பட்டுக்கொண்ட படங்கள் இருபது கூடத் தேறவில்லை.

வெளிச்சக் கணக்கு

இந்த இடத்தில் சற்று நின்று கணக்குப் பார்ப்பது பிரயோசனமானது. பெட்டியோடு வரும் 18-55 லென்ஸ், 55இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். கனன், நிக்கோன் இரண்டிலும் கிடைக்கிற 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய அதே பார்வைக் கோணத்தைத் தரும். ஆனால் உள்ளே விடும் வெளிச்சம், 5.6ஐ 1.8ஆல் வகுத்து வரும் விடையின் வர்க்கம், அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல். களரியில் அதே ஐஎஸ்ஓ 3200இல் 1/30 செக்கனாக இருந்த ஷட்டர் வேகம் 1/250க்கு மேல் ஏறிவிடும். அந்த வேகத்தில் கூத்தரின் முகமும் முடியும் நின்று விழும். சதங்கை கட்டிய கால் மட்டும் சிறிது இழுபடலாம், அது அழகுதான்.

இதே இடத்தில், துவாரத்தை அதே எஃப் 5.6இல் வைத்துக்கொண்டு, சிறிய சென்சர் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கமராவிலிருந்து ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சர் கமராவுக்குப் போனால் என்ன கிடைக்கும்? கனனின் சிறிய சென்சர் சுமார் 22.3க்கு 14.9 மில்லிமீற்றர், ஃபுல் ஃபிரேம் 36க்கு 24. பரப்பளவு 2.6 மடங்கு. அவ்வளவுதான் இலாபம், அதுவும் பல மடங்கு பணத்துக்கு. மலிவான ஒரு லென்ஸ் தருகிற ஒன்பது மடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஃப் 1.8க்கும் ஒரு விலை உண்டு. கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைந்துவிடுவதால், இரண்டு பேர் முன்பின்னாக நின்றால் ஒருவர் தெளிவாகவும் மற்றவர் மங்கியும் விழுவார். எஃப் 2.2 அல்லது 2.8 வரை மூடி எடுக்கப் பழகுங்கள். அப்போதும் பழைய லென்ஸை விடப் பல மடங்கு வெளிச்சம் மிஞ்சும்.

கலியாண மண்டபங்களில் இன்னொரு தொல்லை இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், தரம் குறைந்த எல்ஈடி விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் படத்துக்குக் குறுக்கே பட்டைகளாகவோ, ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் இருப்பதாகவோ வெளிப்படும். கமராவில் பழுது என்று நினைத்து விற்றவரையும் எனக்குத் தெரியும். 1/50 அல்லது 1/100 செக்கனில் எடுத்தால் இது பெரும்பாலும் அடங்கும். சாமத்திய வீடு, நிக்காஹ் என்று உட்புறத்திலேயே நிற்பவர்கள், ஆடம்பரக் கமராவுக்கு முன் ஒரு வெளி ஃபிளாஷ் வாங்கி, அதை நேரே முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி பழகுவது மேல்.

ஈரப்பதத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

நம் பகுதியில் மாத்திரம் இந்தப் படியை நான் தனியாக வைக்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் அலுமாரிக்குள் கிடக்கும் தோல்பைகூடப் பூத்துவிடுகிறது. லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பதில் வியப்பில்லை.

லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றி, இரண்டு பக்க மூடியையும் எடுத்து, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்தால் ஒரு சிறிய டோர்ச்சைச் சரிவாக அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். தூசு என்றால் தனித்தனிப் பொட்டாகத் தெரியும். அது படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. பூஞ்சணம் அப்படியல்ல: கண்ணாடியின் ஓரத்திலிருந்து, செடியின் சல்லிவேர் போல, கிளைத்துக் கிளைத்து நடுவை நோக்கி வரும். என்னுடைய பழைய 55-250 லென்ஸில் அப்படி ஒரு வேர் காசளவுக்குப் பரவியிருந்ததை, கல்லடிக் கடற்கரையில் சூரியனை எதிர்த்து எடுத்த படங்கள் வெளிறியபோதுதான் கண்டேன். அதற்கு முன் இரண்டு மாதமாகக் கமராவின் சென்சர் கெட்டுவிட்டதென்று விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்திலேயே கண்டால் துப்புரவு செய்விக்கலாம். நாள்பட்டால் பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. புதிய கமராவுக்கு அந்த லென்ஸையே மாட்டினால் பழைய படமே வரும். புதிய கமராவும் அதே அலுமாரிக்குள் போனால் அடுத்த மாரிக்கு அதற்கும் இதே கதி.

இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல் பைகள், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்று போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அரிசிக்குள் புதைப்பதை விட்டுவிடுங்கள், அதன் தவிடு லென்ஸின் வளையங்களுக்குள் போய்ச் சேரும். நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். அதைச் சூடாக்கி உலர்த்தலாம் என்றாலும், அந்த நிறத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நஞ்சு என்பதால் சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது. பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் போய் வந்த அன்றே, சற்று ஈரமாக்கிப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து உப்பை நீக்கி, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

சென்சரில் தூசு இருக்கிறதா என்று பார்க்க, துவாரத்தை எஃப் 16க்கு மூடி வெறும் வானத்தை எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது தூசு; துப்புரவுச் செலவோடு முடிகிற காரியம்.

"புதிய மொடல்" என்ற சொல்லின் உள்ளடக்கம்

இலக்கம் கூடினால் தரமும் கூடும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். கடைக்காரர்கள் அந்த நம்பிக்கையைக் கலைப்பதில்லை. கனன் 1300டி 2016இல் வந்தது. 2018இல் வந்த 2000டியில் சென்சர் 18 மெகாபிக்சலிலிருந்து 24 ஆனது. ஃபோகஸ் புள்ளிகள் அதே 9, உள்ளே இருக்கும் செயலியும் அதே தலைமுறை. அதே 2018இல் 4000டி என்று இன்னொன்றும் வந்தது. அது 1300டியை விட இரண்டு வருடம் இளையது; ஆனால் லென்ஸ் பூட்டும் வளையம் உலோகத்துக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக், திரை 3 அங்குலத்திலிருந்து 2.7க்குச் சுருங்கியது, சென்சர் அதே 18. 1300டியைக் கொடுத்துவிட்டு மேலே காசும் வைத்து 4000டி வாங்கிய ஒருவர், புது மொடல் என்ற மகிழ்ச்சியோடு என்னிடம் காட்ட வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நிக்கோனில் 2016இன் டி3400க்கும் 2018இன் டி3500க்கும் இடையில் இரண்டுமே 24 மெகாபிக்சல். கைப்பிடி மாறியது, பற்றரி ஒரு தடவை ஏற்றினால் 1,200 படம் என்றிருந்தது 1,550 ஆனது. படத்தை வைத்து எது எதனுடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

மெகாபிக்சல் பற்றியும் ஒரு வார்த்தை. அது பரப்பளவுக் கணக்கு என்பதால், 18இலிருந்து 24க்குப் போனால் அகலத்தில் கூடுவது 15 சதவீதம்தான். வழமையான 4ஆர், அதாவது 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலே மிச்சம். கலியாண அல்பத்தில் 12க்கு 18 அங்குலப் பக்கத்தை எடுத்துக்கொண்டாலும், 18 மெகாபிக்சல் படத்தின் நீளப்பக்கம் 5,184 புள்ளிகள். 18 அங்குலத்துக்கு அங்குலமொன்றுக்கு 288 வருகிறது. அச்சுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் 300க்கு அருகில் இருக்கும் இதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே மெகாபிக்சலுக்காக மாற்ற நினைப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்

கொப்பியில் "ஃபோகஸ் தவறியது" என்ற நிரல் நீண்டிருந்தால், அது நியாயமான காரணமாக இருக்கலாம். நியாயமானதா என்று பார்க்க முதலில் ஒன்று செய்யுங்கள்: தானாகப் புள்ளி தெரிவு செய்யும் முறையை நிறுத்தி, நடுப் புள்ளியை மட்டும் வைத்து, அசையும் ஆளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் முறையில் ஒரு மாதம் எடுங்கள். மருமகனுக்குத் தவறிய படங்களில் பாதி இதிலேயே தேறின. அதற்குப் பிறகும் தவறுகிறதென்றால் கமராவின் எல்லை தெரிந்துவிட்டது. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் தீமிதிப்பில், மாலை மங்கிய நேரத்தில் உங்களை நோக்கி ஓடி வருகிறவரின் கண்ணைப் பின்தொடர 9 புள்ளிக் கமராவால் முடியாது. அண்மைய வருடங்களின் மிரர்லெஸ் கமராக்கள் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதவை) கண்ணைத் தாமாகக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கின்றன. கடந்த பத்து வருடங்களில் கமராவில் நடந்த உண்மையான முன்னேற்றம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இரண்டாவது காரணம் கூலிக்குக் கலியாணம் எடுப்பவர்களுக்கானது. ஒரே ஒரு மெமரி கார்ட் மட்டும் போடக்கூடிய கமராவில், தாலி கட்டும் நேரத்தில் கார்ட் கெட்டால் என்ன செய்வது? இன்னொரு முகூர்த்தம் கேட்க முடியாது. நிக்கோன் டி750, கனன் ஆர்6 போன்றவை ஒரே படத்தை இரண்டு கார்டில் எழுதும். கனன் 6டி, ஆர்பி ஆகியவை ஃபுல் ஃபிரேம் என்றாலும் ஒரு கார்ட்தான். பணம் வாங்கிப் படம் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் மெகாபிக்சலை விடப் பெரியது.

மூன்றாவது, வீடியோ. 1300டி வகைக் கமராக்கள் முழு எச்டி வரைதான் எடுக்கும். வீடியோ எடுக்கும்போது ஃபோகஸும் தடுமாறும். கோயில் திருவிழாவைத் தொடர்ச்சியாகப் பதிய வேண்டியவர்கள், பல கமராக்கள் 29 நிமிடம் 59 செக்கனில் தாமாக நின்றுவிடும் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். கனனின் முதல் ஆர்6இலும் அந்த எல்லை இருந்தது, 2022இல் வந்த ஆர்6 மார்க் 2இல் இல்லை.

கமரா உடலுக்குள் இருக்கும் அசைவுத் தடுப்பு உங்கள் கை அசைவை மட்டும் அடக்கும்; ஆடுகிறவரை நிறுத்தாது. சத்தமில்லா ஷட்டர் பூசை நேரத்துக்கு நல்லது, ஆனால் முன்னே சொன்ன விளக்குப் பட்டைகள் அதில் இன்னும் மோசமாகும்.

நொய்ஸுக்காக மாற்ற நினைப்பவர்கள், ரோ கோப்பாக, அதாவது கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுத்து, மென்பொருளால் நீக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2023 ஏப்ரலில் அடோபி லைட்ரூமில் வந்த நொய்ஸ் நீக்கும் வசதி, பழைய கமராக்களின் ரோ கோப்புகளையும் நம்ப முடியாத அளவுக்குத் துப்புரவாக்குகிறது.

லென்ஸ் பொருந்துமா

இந்த இடத்தில்தான் நம் பகுதியின் பறவைப் பிரியர்கள் ஏமாறுகிறார்கள். பாணமைக்கு அப்பாலுள்ள குமணவில், வில்லு எனப்படும் இயற்கைக் குளத்துக்கு நடுவே நிற்கும் சங்குவளை நாரையை, சிறிய சென்சர் கனனில் 250 லென்ஸால் எடுத்தால், ஃபுல் ஃபிரேமில் 400 தருகிற நெருக்கம் கிடைக்கும். "பெரிய கமரா" வாங்கி அதே 250ஐ மாட்டினால் பறவை சிறுத்துவிடும். அதோடு, ஈஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும், சிறிய சென்சருக்கென்றே செய்த லென்ஸைக் கனன் 6டி போன்ற ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள கமராவில்) பூட்டவே முடியாது. ஆர் வகை மிரர்லெஸ்ஸில் அடாப்டரோடு பூட்டலாம், ஆனால் கமரா சென்சரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும்: ஆர்பியின் 26 மெகாபிக்சல் சுமார் 10 ஆகிவிடும். இங்கினியாகலையில் படகில் போய், சேனநாயக்க சமுத்திரத்தில் நீந்தும் யானைகளை எடுக்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். அவர்களுக்கு வேண்டியது நீண்ட லென்ஸும், படகு ஆடுவதால் 1/500க்குக் குறையாத ஷட்டர் வேகமும்.

நிக்கோன்காரர்கள் எஃப்டிஇசட் அடாப்டரால் பழைய லென்ஸ்களை இசட் கமராக்களில் பூட்டலாம். ஆனால் உள்ளே மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்கள் அதில் கையால்தான் ஃபோகஸ் செய்யப்பட வேண்டும்.

செலவை முழுதாக எழுதுதல்

விலைச்சீட்டில் இருப்பது கமராவின் விலை மட்டும். அதன் கீழே அடாப்டர், மேலதிகப் பற்றரி, வேகமான மெமரி கார்ட், சேமிப்பு வட்டு என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டுங்கள். பற்றரியைக் குறைவாக மதிக்க வேண்டாம்: நிக்கோன் டி3500இன் பற்றரி 1,550 படம் என்று அளக்கப்பட்டது, கனன் ஆர்பியுடையது 250 என்று. நாள் முழுக்க நடக்கும் கலியாணத்துக்கு மூன்று நான்கு பற்றரி வேண்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு கணினியில் இருக்கிறது. 2018 முதல் கனன் தன் புதிய கமராக்களில் ரோ கோப்பை சிஆர்3 என்ற வடிவத்தில் எழுதுகிறது. நம் ஊர் ஸ்டூடியோக்கள் பலவற்றில் இன்னும் ஓடுகிற பழைய ஃபொட்டோஷொப் சிஎஸ்6 அதைத் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி மாற்றியாலோ, கனனின் சொந்த இலவச மென்பொருளாலோ சமாளிக்கலாம். ஆனால் 24 மெகாபிக்சல் கோப்புகள் ஆயிரம் சேர்ந்தால் பழைய கணினி மூச்சு வாங்கும்.

விலை பற்றி நான் தொகை எழுதவில்லை, எழுதினாலும் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் சுமார் 200 ரூபாயாக இருந்து மே மாதத்தில் 360 வரை போனதையும், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானதையும் நாம் பார்த்தவர்கள். ஆகவே வெளிநாட்டு விலையை ரூபாயில் பெருக்கி "இவ்வளவுதானே" என்று மனக்கணக்குப் போட வேண்டாம். உத்தரவாதம் முகவருடையதா, கடைக்காரருடையதா என்று எழுத்தில் கேளுங்கள். பழுதென்றால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். உதயதேவி ரயிலில் போய் வரும் நாட்களும் செலவில் சேரும். கடனுக்கு வாங்குகிறவர், அந்தக் கமரா மாதமொன்றுக்கு எத்தனை வேலையைக் கூடுதலாகக் கொண்டுவரும் என்று எழுதிப் பார்த்து, தவணைக்குக் காணாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

தொட்டுப் பார்த்து வாங்குதல்

வாங்க நினைக்கும் கமராவை, தெரிந்த ஸ்டூடியோக்காரரிடமிருந்து ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உண்மையான வேலை ஒன்றில் பயன்படுத்திப் பாருங்கள். அது கைகூடாவிட்டால், உங்கள் மெமரி கார்டையும் பழைய கமராவையும் கடைக்குக் கொண்டுபோய், கடையின் இருண்ட மூலையில் ஒரே பொருளை, ஒரே ஐஎஸ்ஓ, ஒரே துவாரம், ஒரே வேகத்தில் இரண்டாலும் எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையின் திரையில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். எது எதுவென்று வீட்டிலுள்ள ஒருவரைக் கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

பாவித்த கமரா வாங்குவதில் தவறில்லை. புதிய தலைமுறை வந்தவுடன் விலை இறங்கும் முந்திய தலைமுறைதான் புதியவருக்குப் பெரும்பாலும் நல்ல பேரம். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பாருங்கள்: நிக்கோன் டி3500க்கு 100,000, டி750க்கு 150,000 தடவை என்று சோதிக்கப்பட்டவை. நிக்கோன் படக் கோப்புக்குள்ளேயே அந்த எண் இருக்கும். கனனில் பெரும்பாலும் இருக்காது, அதனால் கைப்பிடி றப்பரின் தேய்வையும், ஃபிளாஷ் பூட்டும் இடத்தின் சுரண்டலையும் பார்த்து ஊகிக்க வேண்டும். கார்ட் வாயிலும் பற்றரி அறையிலும் பச்சை படிந்திருந்தால் கடல் நீர் உள்ளே போயிருக்கிறது. அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டோர்ச்சை மறக்காதீர்கள்.

வாங்கிய முதற் கிழமையிலேயே எல்லாப் பொத்தானையும், எஃப் 16 வானப் படத்தையும், இரண்டு மணித்தியால வீடியோவையும் சோதித்து முடியுங்கள். பழுதைக் காட்டி மாற்றிக்கொள்ள முதல் சில நாட்களைத்தான் பெரும்பாலான கடைகள் தருகின்றன. பழைய கமராவை உடனே விற்காமல் ஒரு மாதம் பையில் வைத்திருங்கள், கலியாணம் எடுப்பவர் என்றால் நிரந்தரமாகவே வைத்திருங்கள். விற்கும்போது கார்டைக் கழற்றிக்கொண்டு, அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பி, கமராவில் நீங்கள் பதிந்து வைத்த பெயரையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

மருமகன் 50 எஃப் 1.8 லென்ஸையும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியையும் வாங்கினான். 1300டி இன்னும் அவனிடம் இருக்கிறது. ஃபோகஸ் நிரலில் அவன் இப்போதும் எழுதிக்கொண்டுதான் வருகிறான். புரட்டாதித் தீமிதிப்பு முடிந்ததும் கொப்பியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.